இளவேனிலும் நம் பண்டிகைக் கட்டுரைகளும்

வெளிமாநிலத் தமிழர் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு ஒரு வகைக் கட்டுரை நன்றாகப் பழகியிருக்கும். சித்திரை முதல் நாள் பற்றிய நினைவுக் கட்டுரைதான் அது. விடியற்காலையில் அம்மா எழுப்புவார். தட்டில் மா, பலா, வாழை, கண்ணாடி, நகை இருக்கும். வேப்பம்பூப் பச்சடியின் ஆறு சுவைக்கும் வாழ்க்கைத் தத்துவம் சொல்லப்படும். கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். கடைசிப் பத்தியில், 'அந்தக் காலம் இனி வருமா?' என்று ஒரு பெருமூச்சு. பிறகு மங்களம்.

இத்தகைய கட்டுரைகளைக் கேலி செய்வது என் நோக்கம் அன்று. அவற்றில் பல உண்மையான ஏக்கத்தோடு எழுதப்பட்டவை. ஆனால் ஓர் இலக்கிய வகை என்று எடுத்துக்கொண்டு அவற்றை மதிப்பிட்டால், சில கேள்விகளைக் கேட்டே தீரவேண்டியிருக்கிறது. இவை யாருடைய நினைவைச் சொல்கின்றன? யாரை விட்டுவிடுகின்றன? நம் பிள்ளைகள் இவற்றில் எங்கே நிற்கிறார்கள்? இம்மூன்று கேள்விகளே இக்கட்டுரை.

நானும் எழுதியவன்தான்

பிறரைக் குறை சொல்லுமுன் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம். 1997இல் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து ஹெப்பகோடிக்கு வந்தேன். அப்போது ஓசூர் சாலையின் இருபுறமும் ராகி விளைந்த நிலம் மிச்சமிருந்தது. மகள் 2003இல் இங்கேயே பிறந்தாள். 2012இல் ஒரு மலருக்காக நானும் ஒரு சித்திரைக் கட்டுரை எழுதினேன். மேலே சொன்ன தட்டு, கண்ணாடி, பஞ்சாங்கம் எல்லாம் அதில் உண்டு.

மலர் அச்சாகி வந்ததும், ஒன்பது வயது மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ் அவளுக்குப் பள்ளிப் பாடம் அன்று. என் அம்மா லீவில் வந்திருந்தபோது சிலேட்டில் சொல்லிக்கொடுத்தது. மூன்று நாள் எடுத்துக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு வந்து கேட்டாள்: "நல்லா இருக்குப்பா. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? அம்மா எங்க?"

பக்கத்தில் இருந்த என் அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "இன்னாடா இது, நம்ம ஊட்டுல எப்படா தட்டு வெச்சோம்? கண்ணாடி வெச்சோம்?"

உண்மைதான். எங்கள் வீட்டில் கனி காணும் வழக்கமே கிடையாது. அது கன்னியாகுமரி, கோவை வட்டாரங்களில் வலுவாக உள்ள வழக்கம். கேரளத்து விஷுவுக்கு உறவு. பல மலர்களில் படித்துப் படித்து, அது என் நினைவாகவே ஆகிவிட்டிருந்தது. எழுதும்போது ஒரு பொய் எழுதுகிறோம் என்ற உணர்வுகூட எனக்கு வரவில்லை. அதுதான் இந்தக் கட்டுரை வகையின் முதல் குறை. ஒரே மாதிரியான நினைவை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறது.

எங்கள் ஊர் வசந்தம்

அப்படியானால் எங்கள் ஊர் இளவேனிலில் என்னதான் இருந்தது? அக்னி வசந்த விழா இருந்தது. திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், தருமபுரிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு அங்கே அதுதான் பெயர். பெயரிலேயே வசந்தம் இருக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு முழுக்கத் தெருக்கூத்து என்று பல நாட்கள் நடக்கும். அர்ச்சுனன் தபசு அன்று கூத்துக்காரர் உயரமான கம்பத்தில் ஏறுவார். கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாகத் தரையில் படுக்க வைத்திருப்பார்கள். அந்தப் படுகளம் முடிந்த பிறகுதான் அம்மன் கூந்தல் முடிப்பாள். அன்று மாலை தீமிதி.

வெளியூரில் வேலை செய்கிறவன் சித்திரை ஒன்றுக்கு வராமல் இருக்கலாம். படுகளத்துக்கு வராமல் இருந்தால் ஊரே கேட்கும். ஓசூர் சாலைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் லீவு சேர்த்து வைப்பது அதற்குத்தான். ஆனால் நான் படித்த மலர்களில் அக்னி வசந்த விழாவைப் பற்றி ஒரு கட்டுரையையும் கண்டதில்லை. கோயில் பஞ்சாங்கம் பண்பாடு, கூத்து என்றால் பொழுதுபோக்கு என்று நமக்குள் யாரோ பிரித்து வைத்துவிட்டார்கள் போலும்.

மாறாக, புத்தாண்டு தையிலா சித்திரையிலா என்ற விவாதத்துக்குப் பக்கங்கள் தாராளமாக ஒதுக்கப்பட்டன. 2008இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றித் தை முதல் நாளைப் புத்தாண்டு என்றது. 2011இல் அடுத்த அரசு அதை நீக்கிச் சித்திரைக்கே திரும்பியது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது முக்கியமான விவாதமாக இருக்கலாம். கர்நாடகத்தில் நமக்கு ஏப்ரல் 14 விடுமுறை கிடைப்பது அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்காக. அந்த விடுமுறையில் நம் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை எழுத நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

பழந்தமிழ் கண்ட இளவேனில்

நம் கட்டுரையாளர்கள் சங்க இலக்கியத்தை மேற்கோள் காட்டத் தயங்குவதில்லை. ஆனால் அங்கே இளவேனில் எவ்வாறு வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேனில், பிரிவைச் சொல்லும் பாலைத் திணைக்குரிய பொழுது. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாலைக்கலியில், பின்பகுதிப் பாடல்கள் பலவற்றில் இளவேனில் வந்துவிடுகிறது. மரம் பூக்கிறது, வையை மணலில் விளையாட்டு நடக்கிறது, காமன் விழாவுக்கு ஊர் தயாராகிறது. பொருள் தேடிப் போனவன் மட்டும் வரவில்லை.

இங்கே பேசுவது யார் என்பதே நோக்கத்தக்கது. போனவன் பேசவில்லை. வீட்டில் இருப்பவள் பேசுகிறாள். அவளைத் தேற்றும் தோழி பேசுகிறாள். பண்டிகை வந்ததால் பிரிவு கூடுதலாக வலிக்கிறது என்று சொல்லும் உரிமை காத்திருப்பவளுக்குத் தரப்பட்டிருக்கிறது. நம் மலர்க் கட்டுரைகளில் நிலைமை தலைகீழ். பொருள் தேடிப் போனவன்தான் பக்கம் பக்கமாக ஏங்குகிறான். ஊரில் காத்திருப்பவர் பச்சடி செய்பவராக ஒரு வரியில் வந்துபோகிறார். இங்கே நம்மோடு இருந்து, இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து, நள்ளிரவில் மாங்காய் அரியும் மனைவிக்கு அந்த ஒரு வரிகூட இல்லை. என் மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவள் பெயரும் இல்லை, அவள் வேலையும் இல்லை.

சிலப்பதிகாரத்திலும் இளவேனில் விழா உண்டு. புகாரின் இந்திர விழா சித்திரை முழுநிலவை ஒட்டியது. அவ்விழாவின் முடிவில் கடற்கரையில் கோவலனும் மாதவியும் பிரிகிறார்கள். அதன்பின் கோவலன் கண்ணகியின் சிலம்பை முதலாக நம்பி, பிழைப்புக்காக மதுரைக்குக் கிளம்புகிறான். வசந்த விழா முடிகிற இடத்தில் ஓர் இடப்பெயர்ச்சி தொடங்குகிறது.

மணிமேகலையில் இதே விழா வேறொரு விதமாகப் பேசப்படுகிறது. சோழன் நெடுமுடிக்கிள்ளி இந்திர விழாவைச் செய்யத் தவறினான். அதனால் புகாரைக் கடல் கொண்டது என்பது கதை. 'பண்டிகையை மறந்தால் இனம் அழியும்' என்று மேடையில் எச்சரிப்பவர்களுக்கு இது வசதியான சான்று. ஆனால் அரசன் ஏன் மறந்தான்? பீலிவளை பெற்று அனுப்பிய அவன் மகன், கப்பல் உடைந்து காணாமல் போய்விட்டான். பிள்ளையைத் தேடி அலைந்த துயரத்தில் விழாவை மறந்தான். சாத்தனார் இந்தக் காரணத்தையும் சொல்லியே வைத்திருக்கிறார். மேடைப் பேச்சில் அது மட்டும் விடுபட்டுப் போகிறது.

நம் குடும்பங்களில் ஏதாவது ஒரு வருடம் பண்டிகை விட்டுப்போனால், அக்கறை இல்லாததனால் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைக்குப் பரீட்சை, கட்டணத்துக்குப் பணம் புரட்ட வேண்டும், ஷிப்ட் மாற்றித் தரவில்லை. நாமும் பிள்ளையின் பின்னால் ஓடியே மறந்தோம். இதைப் புரிந்துகொண்டு எழுதும் கட்டுரை, 'இளைய தலைமுறைக்குப் பற்று இல்லை' என்று திட்டி முடிக்காது.

ஓசூர் சாலையில் சித்திரை

சரி, ஹெப்பகோடியில் இளவேனில் எப்படி வருகிறது? எங்கள் வீட்டில் அது யுகாதியிலிருந்து தொடங்குகிறது. யுகாதி சந்திரனைக் கொண்டு கணக்கிடுவது. நம் சித்திரை சூரியனைக் கொண்டு. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். 2024இல் யுகாதி ஏப்ரல் 9, நமக்கு 5 நாள் முன்பு. 2025இல் மார்ச் 30, 15 நாள் முன்பு. 2026இல் மார்ச் 19, 26 நாள் முன்பு. இடையிடையே ஓர் அதிக மாதம் வந்து கணக்கைச் சரிசெய்யும். சின்ன வயதில் என் மகள், "எல்லாருக்கும் நியூ இயர் வந்துடுச்சு, நமக்கு மட்டும் ஏன் லேட்டு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன வானியல் விடைதான் அவள் முதலில் கற்ற காலக்கணக்கு.

பக்கத்து வீட்டு அஜ்ஜி யுகாதி காலையில் பேவு பெல்லா கொண்டுவருவார், வேப்பம்பூவும் வெல்லமும். மதியம் ஒப்பட்டு. நம் சித்திரை அன்று எங்கள் வீட்டுப் பச்சடி அங்கே போகும். ஒரே கசப்பு, ஒரே இனிப்பு, நாள் மட்டும் வேறு. யுகாதிக்கு முந்தின நாள் ஓசூர் சாலை ஓரமெல்லாம் மாவிலையும் வேப்பங்கொத்தும் குவிந்து கிடக்கும். ஏப்ரல் 14க்குத் தேடினால் அந்தக் குவியல் இருக்காது. அதனால் அம்மா ஊரிலிருந்து காய்ந்த வேப்பம்பூவை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தனுப்புவார்.

இதே பருவத்தில் பக்கத்து ஹுஸ்கூரில் மத்தூரம்மா ஜாத்திரை. சுற்றுவட்டக் கிராமங்கள் நூறடிக்கு மேல் உயரமான தேர்களை ஜோடித்து, மாடு பூட்டியும் டிராக்டர் கட்டியும் இழுத்து வருவார்கள். 2024இல் ஒரு தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் சாய்ந்தபோது உயிர்ப்பலியும் நேர்ந்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் கன்னட வீடு, தமிழ் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் அதையே பேசினோம். நம் மலர்களில் இந்த ஜாத்திரைக்கு ஒரு பத்தி உண்டா? நாம் வாழும் ஊரின் இளவேனில் நம் எழுத்துக்குள் வருவதே இல்லை. 1991இலும் 2016இலும் காவிரிப் பிரச்சினையின்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்த நாட்கள் நமக்கு உண்டு. அந்த அச்சம் எழுத்திலும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. பக்கத்து வீட்டைப் பற்றி நல்லதாகவும் எழுதாமல், கெட்டதாகவும் எழுதாமல், ஊரைப் பற்றி மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு யுகாதி மார்ச் 25. நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய முதல் நாளும் அதுவே. அத்திப்பள்ளியில் எல்லை மூடிக் கிடந்தது. அம்மா ஊரில் தனியாக இருந்தார். ஏப்ரல் 14 காலையில் ஊரடங்கை மே 3 வரை நீட்டித்தார்கள். வீட்டில் வேப்பம்பூ இல்லை. அஜ்ஜி யுகாதிக்கு வைத்திருந்ததில் மிச்சத்தை ஒரு காகிதத்தில் மடித்து, கேட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கை காட்டினார். அதில்தான் பச்சடி ஆயிற்று.

அன்று அம்மாவுக்கு போன் செய்தேன். "இந்த வருசம் பாரதமும் இல்ல, கூத்தும் இல்ல, படுகளமும் இல்ல. கோயிலே மூடிக் கெடக்கு. நீ வந்திருந்தாலும் என்னத்தப் பாத்திருப்ப? பூவு காய வெச்சிருக்கேன். எப்ப வழி உடுறானோ அப்ப வந்து எடுத்துக்கினு போ" என்றார். பிறகு, "புள்ள சாப்டுச்சா?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வழி விட்ட பிறகு போய் அந்தப் பாட்டிலை எடுத்து வந்தேன். அம்மா இருந்த கடைசிச் சித்திரை அதுவே. அடுத்த தை மாதம் காலமானார். அதன் பிறகுதான் பாலைக்கலியை மறுபடி எடுத்து, காத்திருப்பவரின் பக்கத்திலிருந்து படித்தேன். இருபத்து மூன்று இளவேனில்களை அம்மா அப்படிக் கழித்திருக்கிறார். நான் எழுதிய பண்டிகைக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பிற நாட்டுக் குடியேறிகள்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா என்றால், இல்லை. நெடிய பனிக்காலம் கொண்ட பின்லாந்தில் வசந்தத்தின் பெரிய கொண்டாட்டம் மே முதல் நாள். அதற்கு வப்பு என்று பெயர். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்க வைத்த சீமா என்ற பானமும், மாவைக் கொதிக்கும் எண்ணெயில் பிழிந்து எடுக்கும் திப்பலெய்ப்பா என்ற பலகாரமும் அந்நாளுக்கு உரியவை. பலகாரத்தைப் படத்தில் பார்த்தால் நம் ஜாங்கிரியின் ஒன்றுவிட்ட தங்கை போல் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டவர் ஏராளமானோர் அமெரிக்காவின் மிச்சிகன், மினசோட்டா சுரங்கப் பகுதிகளுக்குப் பிழைக்கப் போனார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பக்கத்தில் இருந்த ஐரிஷ்காரர்களுக்கு மார்ச் 17 அன்று புனித பேட்ரிக் திருநாள் உண்டு. நமக்கு ஒன்றும் இல்லையே என்று 1956இல் மினசோட்டாவில் ஒரு கடை ஊழியர், புனித உர்ஹோ என்று ஒருவரைக் கற்பனையாகப் படைத்தார். திராட்சைத் தோட்டத்தை அழிக்க வந்த வெட்டுக்கிளிகளை விரட்டியவராம். பின்லாந்துக் குளிரில் திராட்சைத் தோட்டம் ஏது? இருந்தாலும் அந்தக் கதை பரவி, மார்ச் 16 அவருடைய நாளாயிற்று, சிலைகூட வைத்தார்கள். நாமும் இப்படி ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம் அன்று. அண்டை வீட்டைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, வந்து சேர்ந்த மண்ணில் ஒரு வசந்த நாளை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த நாளின் நினைவு அவர்கள் பிள்ளைகளுக்குச் சொந்தம். தாத்தாவிடம் கடன் வாங்கியது அன்று.

கரகம் சொல்லும் பாடம்

அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூரிலேயே சான்று இருக்கிறது. திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து சைத்ர முழுநிலவு இரவில் கரகம் புறப்படுகிறது. நடத்துபவர்கள் திகளர் சமூகத்தினர். பல நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ் நிலத்திலிருந்து வந்தவர்கள் என்று கருதப்படும் தோட்டக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்திருக்கும். கரகத்தில் எழுந்தருள்பவள் திரௌபதி. பெண் கோலம் பூண்ட ஓர் ஆண், மல்லிகை சூட்டிய கரகத்தைத் தலையில் தாங்கி வர, வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ்ந்து வருகிறார்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நிற்கிறது.

2024 ஏப்ரல் 23 இரவு மகளை அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஆண்டு சைத்ர பௌர்ணமியும் நம் சித்ரா பௌர்ணமியும் ஒரே நாளில் வந்தன. 2025இல் கரகம் ஏப்ரலிலும் சித்ரா பௌர்ணமி மே மாதத்திலும் வந்தன. நள்ளிரவு தாண்டி, நெரிசலில், மல்லிகை வாசத்தோடு கரகம் கடந்து போனபோது மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, இது ஆயா ஊரு அம்மன்தானே?" என்றாள். ஆமாம் என்றேன்.

பிழைக்க வந்தவர்கள் என்று கருதப்படும் சமூகம் ஒன்று நடத்தும் வசந்த விழா, இன்று இந்த நகரத்தின் விழாவாக இருக்கிறது. ஆண்டுதோறும் இந்த மண்ணிலேயே கரகத்தைத் தூக்கியதால் அது நிலைத்தது. 'எங்கள் ஊரில் அந்தக் காலத்தில்' என்று நினைத்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால், நினைப்பவர்களோடு அதுவும் போயிருக்கும்.

மலர்க் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

ஆகவே அடுத்த மலரில் சித்திரைக் கட்டுரை கேட்கும்போது மூன்று பேரிடம் கேளுங்கள். சமைப்பவரிடம் கேளுங்கள்; எழுத வராது என்றால் பேசச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் காத்திருப்பவரிடம் போனிலாவது கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் கேளுங்கள். தமிழ் தப்பும் தவறுமாக இருந்தாலும் அச்சிடுங்கள்.

என் மகளிடம் சென்ற வாரம் கேட்டேன், சித்திரை என்றதும் உனக்கு என்ன ஞாபகம் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு வரிசையாகச் சொன்னாள்: அஜ்ஜி கேட்டில் வைத்துவிட்டுப் போன காகிதப் பொட்டலம், கூத்தில் துச்சாதனன் வரும்போது ஆயா மடியில் தூங்கிப்போனது, பரீட்சை முடிந்த மத்தியானம் ஆரணிக்குப் போகும் பஸ், அம்மா ஷிப்ட் முடித்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் வெல்லம் கரைத்தது.

நான் பன்னிரண்டு பக்கம் எழுதியும் வராதது இந்த நான்கில் இருக்கிறது. அவளையே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். பாட்டிலின் அடியில் அம்மா காய வைத்த பூ கொஞ்சம் இருக்கிறது. கசப்பு குறைந்துபோய்விட்டது, எப்படியும் போடுகிறோம்.